கேட்டுக் குடிப்பவர்

ஊஞ்சப்பாளையத்துக்கு ரத்தம் குடிக்கிறவர் வந்து சேர்ந்தபோது ஊர் முதலில் விசாரித்தது அவர் எந்தப் பக்கத்துக்காரர், இங்கே யாருக்கு உறவு, எத்தனை நாள் தங்குவார் என்பதைத்தான். ரத்தம் எதற்குக் குடிக்கிறார் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அது அவரவர் உடம்புக்கு ஒத்துக்கொள்வதைப் பொறுத்தது, சர்க்கரை வியாதிக்காரர் காப்பியைக் கசக்கக் கசக்கக் குடிக்கிறார், வயிற்றுப்புண்காரர் மோரிலேயே காலம் தள்ளுகிறார், இவருக்கு ரத்தம், அவ்வளவுதான். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் டவுன் பஸ்ஸிலிருந்து தகரப் பெட்டியும் கறுப்புக் குடையுமாக இறங்கியவரைப் பார்த்தால் இருபத்தைந்து வயதுப் பையன் மாதிரி இருந்தார், வெளுத்து, மெலிந்து, காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் போல. பேச்சு மட்டும் பழசாக இருந்தது, வெள்ளைக்காரன் ரயில் விட்டதைப் போன வாரம் நடந்தது போலச் சொன்னார். டீக்கடையில் யாரோ கைகாட்டிவிட, மாடி அறை காலியாக இருந்த அரிசிக்கடை நாச்சிமுத்துவின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"உள்ள வரலாங்களா?" என்றார்.

"வாங்க, வாங்க. இதையெல்லாமா கேக்கறது?" என்றார் நாச்சிமுத்து. ஊஞ்சப்பாளையத்தில் வாசலில் நிற்பவரை வாங்க என்று சொல்லாமல் விட்டால் ஏழு தலைமுறைக்குப் பேச்சு நிற்கும். சண்டைக்கு வந்தவனைக்கூட வாங்க என்று சொல்லி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் சண்டை போடுவார்கள்.

வந்தவர் உள்ளே வரவில்லை. நாச்சிமுத்துவின் மனைவி கோகிலம் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "வாங்க தம்பி, நனையறீங்களே," என்றாள். அதற்கும் அவர் கால் அசையவில்லை.

"ஊட்டுல வேற யாராச்சும் இருக்கறாங்களாங்க?"

"என்ற பொண்ணு இருக்கறா. அவளுக்கென்னங்க, நான் சொன்னா அவ சொன்ன மாதிரிதான்," என்றார் நாச்சிமுத்து.

"அவங்களும் ஒரு வார்த்தை சொன்னாத்தானுங்க என்ற காலு உள்ள வரும்," என்றார் அவர், குறை சொல்லும் தொனியே இல்லாமல், முழங்கால் வலியைப் பற்றிச் சொல்கிறவர் போல.

தாரணியைக் கூப்பிட்டார்கள். வயது இருபத்தொன்று, காலேஜ் முடித்துவிட்டு அடுத்தது என்ன என்பதை அப்பா முடிவு செய்வதற்காக வீட்டில் காத்திருந்தவள். அவளுக்குச் சாப்பிட என்ன பிடிக்கும், உடுத்த எந்த நிறம் பிடிக்கும், படிக்க எது பிடிக்கும் என்பதெல்லாம் அந்த வீட்டில் அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும்; எதைச் சொன்னாலும் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டுவாள், கேட்டால் நல்ல பிள்ளை என்று பெயர். "வாங்கன்னு சொல்லு கண்ணு," என்றார் நாச்சிமுத்து. குடைக்கம்பிகளிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றவரைத் தாரணி பார்த்தாள். தான் வாயைத் திறக்கும்வரை ஒரு காரியம் நடக்காமல் நிற்கிறது என்பதை வாழ்க்கையில் முதல்முறையாகக் கண்டாள். ஒரு மனுஷனை மழையில் நிற்க வைப்பது பாவம்தான், ஆனால் புதுப் பொம்மை கைக்கு வந்த குழந்தை உடனே கீழே வைத்துவிடுமா. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத்தான் வாங்க என்றாள், அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

மாடியில் குடியிருந்ததால் அவர் மாடித் தம்பி ஆனார். ஊரிலேயே மூத்த கிழவர்கூட, தன் முப்பாட்டனைவிட வயதில் பெரியவரை, தம்பி என்றுதான் கூப்பிட்டார். பகலில் குடைக்குள் நடப்பார், தறிப்பட்டறையில் ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பார், விளக்கு வைக்கிற நேரத்தில் யாராவது ஒருவர் வீட்டுக்குப் போய், "கொஞ்சம் எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்பார். சரி என்றால் மடியிலிருந்து வெளுத்த துண்டை எடுத்து மணிக்கட்டுக்கு அடியில் விரித்து, நெருஞ்சி முள் குத்துகிற அளவுக்கு ஒரு குத்து, குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையில் பாதி கொள்கிற அளவுக்கு ஒரு வாய், பிறகு நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். வேண்டாம் என்றால், "சரிங்க," என்று சொல்லிவிட்டு, மாடு கன்று போட்டதா, பையனுக்குச் சளி விட்டதா என்று விசாரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். மறுநாள் வழியில் பார்த்தால் அதே சிரிப்பு, அதே பேச்சு, ஒரு சுளிப்பு கிடையாது. ரத்தம் குடிப்பதைவிட இதுதான் ஊருக்கு அதிசயமாக இருந்தது, ஏனென்றால் அங்கே ஒரு வீட்டில் காப்பி வேண்டாம் என்று சொன்னால், எங்க ஊட்டுக் காப்பி எறங்காதா என்று கேட்டு, அந்த வருத்தத்தைப் பேரன் கல்யாணம்வரை பத்திரமாக வைத்திருப்பார்கள்.

கொஞ்ச நாளில் ஊர் அவரைத் தன் ஆளாக எடுத்துக்கொண்டது. பீடி இல்லை, வெற்றிலை இல்லை, சீட்டாட்டம் இல்லை. குடிக்கிறாராமே என்று வெளியூர் ஆள் யாராவது இழுத்தால், சாராயமா குடிக்கிறாரு, ரத்தந்தான, அதுவும் கேட்டுத்தான குடிக்கிறாரு என்று பெண்கள் சண்டைக்குப் போனார்கள். பெண் வைத்திருந்த இரண்டொரு தாய்மார்கள் அவருக்கு ஜாதகம் உண்டா என்றுகூடக் கேட்டார்கள். பிறந்த நேரத்தைக் குறிக்கக் கடிகாரம் அப்போது வரவில்லை என்று அவர் வருத்தத்தோடு சொல்லிவிட்டார்.

தாரணியின் சிநேகிதி அபிநயாவுக்குத்தான் அவர்மேல் ஏமாற்றம். அவள் போனில் ரத்தக் காட்டேரிக் காதல் கதைகளாகப் படித்துத் தள்ளுகிறவள். அந்தக் கதைகளில் வெளுத்த அழகன் ஒருவன் ஜன்னல் வழியாக வந்து, தூங்குகிற பெண்ணை விடிய விடியப் பார்த்துக்கொண்டு நிற்பான், அவளுக்கு நல்லது எது என்று அவளைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும், அவள் போகாதே என்றால் போவான், வராதே என்றால் வருவான், அதற்குப் பெயர் காதல். ஒருநாள் அவள் மாடித் தம்பியிடம், "நீங்க அப்படி ஜன்னல் வழியா வந்ததே இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

மாடித் தம்பியின் வெளுத்த முகம் இன்னும் வெளுத்தது. "தூங்கறவங்ககிட்ட எப்படிங்க அம்மிணி கேக்கறது?" என்றார்.

"கேக்க மாட்டாங்க. அதுதான் கதையே."

"எங்காளுங்கள்ல அப்படி இருக்கறாங்க. எனக்கு வயிறு ஒத்துக்காதுங்க," என்றார் அவர். அபிநயா, இவர் ஒண்ணுக்கும் ஆகமாட்டார் என்று தாரணியின் காதில் சொல்லிவிட்டு மறுபடி போனுக்குள் போய்விட்டாள். தாரணி மட்டும் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

வயிறு ஒத்துக்காது என்பதன் அர்த்தம் தை மாதத்தில்தான் ஊருக்குத் தெரிந்தது. தறிப்பட்டறை முதலாளி சென்னியப்பனுக்குத் தாராள மனசு, அதுவும் மற்றவர் பொருளில் என்றால் கேட்கவே வேண்டாம். "தம்பி ஏன் ஊடு ஊடா அலையோணும்? நம்ம பட்டறையில இத்தன பேரு இருக்கறாங்க, யாரு கைய வேணும்னாலும் புடிங்க," என்று சொல்லிப் பக்கத்தில் நின்ற ரங்கனைக் காட்டினார். மாடித் தம்பி ரங்கனிடம் முறையாகத்தான் கேட்டார். ரங்கன் முதலாளியின் முகத்தைப் பார்த்தான், பிறகு எடுத்துக்கங்க என்றான். ஒரு வாய் விழுங்கியதுதான் தாமதம், மாடித் தம்பி நீலம் பாரித்துத் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடிக் குடல் வெளியே வருகிற மாதிரி ஓங்கரித்தார். அதன்பின் நாள் கணக்கில் பாயில் கிடந்தார். கோகிலம் இஞ்சிச் சாறும் தாரணி ஈரத் துண்டுமாக மாடிக்கும் கீழுக்கும் நடந்தார்கள்.

"வாயிதான் சரின்னுச்சுங்க, ஆளு சொல்லல. பயத்துல வந்த சரி வேப்பெண்ணையாட்டக் கசக்குமுங்க," என்றார் அவர், பார்க்க வந்தவர்களிடம். எழுந்து நடமாட முடிந்ததும் முதல் வேலையாக ரங்கன் வீட்டுக்குப் போய், "கேட்டாப் போதும்னு நெனச்சுப்போட்டனுங்க, உங்க மூஞ்சியவும் பாத்திருக்கோணும்," என்று மன்னிப்புக் கேட்டார். ரங்கன் அதற்குப் பிறகு ஒருநாளும் கை கொடுக்கவில்லை, ஆனால் தினமும் அவரோடு டீக்கடையில் உட்கார்ந்தான்; இவன் டீ குடிப்பான், அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதிலிருந்து ஊர் என்ன கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஊர் கற்றுக்கொண்டது வேறு. மனசார வந்த சரிக்கும் மழுப்பலாக வந்த சரிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிற நாக்கு ஒன்று நம் ஊரில், அதுவும் வாடகைக்கு, இருக்கிறது என்று கற்றுக்கொண்டது. அந்த வருஷம் பங்குனியில் ஒரு கல்யாணத்தில் பெண்ணுக்குச் சம்மதமில்லையோ என்று ஒரு வதந்தி கிளம்ப, பெண்ணின் பெரியப்பா எழுந்து, "எதுக்கு வாய்ப் பேச்சு, மாடித் தம்பியக் கூப்புடுங்க, ஒரு சொட்டு ருசி பாக்கச் சொல்லுங்க," என்றார். அவரும் வந்தார், பெண்ணிடம் கேட்டார், அவளும் சரி என்றாள், விழுங்கினார், வயிறு குளிர்ந்து உட்கார்ந்தார், பெண்ணுக்குச் சம்மதம் என்று மேளக்காரருக்குக் கைகாட்டிவிட்டார்கள்.

அதோடு அது சடங்காகிவிட்டது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்தை உறுதி செய்வதற்கு இரண்டு வீட்டாரும் உப்பையும் சர்க்கரையையும் மாற்றிக்கொள்வார்கள், உப்புச் சர்க்கரை மாற்றுவது என்றே பெயர். இனி அதற்கு முன்னால் ருசி பார்ப்பதும் சேர்ந்துகொண்டது. ஜோசியர் அதற்கு நல்ல நேரம் குறித்தார். மருதாணி வைக்கிற பெண்கள் மணிக்கட்டில் ஒரு வட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுச் சுற்றிலும் கொடி போட்டார்கள், போட்டோக்காரர் மாடித் தம்பியிடம், பதித்த பல்லை எடுக்காமல் கொஞ்சம் இப்படித் திரும்புங்க என்றார். பக்கத்து ஊர்க்காரர்கள் எங்களுக்கும் அனுப்புங்கள் என்று காரோடு வந்தார்கள். ஒவ்வொரு முறையும் வெற்றிலை பாக்கு வைத்த தட்டோடு வந்து மாடிப்படியில் நின்றார்கள், தட்டோடு நிற்கிறவர்களிடம் மாட்டேன் என்று சொல்ல அந்த ஊரில் முந்நூறு வயது ஆனவருக்கும் வாய் வராது. அபிநயாவின் கல்யாணமும் அப்படித்தான் உறுதியானது. அவள் கையை நீட்டியபோது மாடித் தம்பி, "இனிப்புங்க," என்று அவரை அறியாமலே சொல்லிவிட, மாப்பிள்ளை வீட்டார் பூரித்துப்போனார்கள். ஆடிக்கு வந்தவள் புருஷன் வீட்டுக்குத் திரும்பவே இல்லை, பஸ் ஸ்டாண்டில் ஒரு செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ருசி பார்த்தும் இப்படி ஆனதற்கு அன்றைக்கு அவள் எதையோ சாப்பிட்டிருக்க வேண்டும் என்று ஊர் முடிவு கட்டியது.

ஆவணியில் தாரணிக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை பெயர் பூபதி, காங்கயம் பக்கம் கொப்பரை காயவைக்கிற தேங்காய்க் களம் வைத்திருந்தான், அதிர்ந்து பேசாதவன், பெண் பார்க்க வந்த அன்று தானே டம்ளரைக் கொண்டுபோய்த் தொட்டியடியில் வைத்தான். குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் தாரணிக்குத் தொல்லை. அவளுக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். வேண்டாம் என்றால் ஏன் என்பார்கள், ஏன் என்பதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை, பசிக்கவில்லை என்கிறவனிடம் ஏன் பசிக்கவில்லை என்று கேட்டால் அவன் என்ன சொல்வான். கூடத்தில் அத்தனை பேர் பார்த்திருக்க, தாரணியின் அத்தை அவள் முகவாயைத் தூக்கி, "புடிச்சிருக்குதா கண்ணு?" என்றபோது அவள் தரையைப் பார்த்தாள். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று சொல்லிச் சிரித்து, வெள்ளிக்கிழமை உப்புச் சர்க்கரை மாற்றிக்கொள்ளலாம் என்று பேசி எழுந்துவிட்டார்கள்.

தாரணி ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ரத்தம் இருக்கிறதே, அது பேசட்டும். தன் மணிக்கட்டில் பல் பட்டதும் மாடித் தம்பி ஓங்கரிப்பார், எல்லோரும் பார்ப்பார்கள், கல்யாணம் நின்றுவிடும், அவள் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. முந்தின நாள் பொழுது சாய, மொட்டைமாடியில் காய்ந்த மிளகாயை அள்ளப் போனவள், அறை வாசலில் குடைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தவரிடம் அதைச் சொன்னாள்.

"நாளைக்கு உங்களுக்கு ஒடம்புக்கு ஆகாதுங்க. முன்னாலயே மன்னிச்சுக்குங்க. இஞ்சி வாங்கி வெச்சிருக்கறேன்."

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "உங்களுக்குக் கல்யாணத்துல இஷ்டமில்லீங்களா?"

"இல்லீங்க."

"அது என்ற நாக்குக்குத் தெரியாதுங்களே."

தாரணிக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார், கொஞ்சம் வெட்கத்தோடு, பல நாளாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறவர் போல. அவர் கேட்பது ரத்தம் எடுத்துக்கொள்ளட்டுமா என்பது ஒன்றைத்தான். ரத்தம் பதில் சொல்வதும் அது ஒன்றுக்குத்தான். மனசாரக் கொடுத்தால் இனிக்கும், மனசில்லாமல் கொடுத்தால் கசக்கும். மாப்பிள்ளையைப் பற்றியோ கல்யாணத்தைப் பற்றியோ ரத்தத்துக்கு ஒன்றும் தெரியாது.

"அப்ப அபிநயாவுக்கு இனிச்சுதே?"

"எனக்குக் குடுக்கோணும்னு அந்த அம்மிணிக்கு ரொம்ப நாள் ஆசைங்க. அதுதான் இனிச்சுது. கட்டிக்கப்போறவரப் பத்தி அவங்களை ஒருத்தரும் கேக்கலீங்களே."

தாரணி மிளகாய்க் கூடையை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். ஊரே இத்தனை மாதமாக எந்தக் கேள்விக்கு எந்தப் பதிலை வைத்துக்கொண்டு மேளம் கொட்டியிருக்கிறது என்பது அவளுக்கு மெல்ல உறைத்தது. "இதை நீங்க சொல்லியிருக்கலாமல்லங்க?"

"ரெண்டு தடவை சொன்னனுங்க. தன்னடக்கம்னு சொல்லி மாலை போட்டுட்டாங்க."

"உங்களுக்கு இந்த ருசி பாக்கப் போறது புடிச்சிருக்குதுங்களா?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அப்படி ஒரு கேள்வியை முந்நூறு வருஷத்தில் அவரிடம் யாராவது கேட்டிருந்தால் அது வெகு காலத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். "புடிக்கலீங்க," என்றார். "துளியும் புடிக்கலீங்க. எல்லாரும் பாத்துட்டு நிக்கறாங்க, சாப்பிடற மாதிரியே இல்லீங்க."

"அப்ப வரலைன்னு சொல்லுங்க."

"நீங்களும் வேண்டாம்னு சொல்லலாமல்லங்க."

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. கீழேயிருந்து கோகிலம், மிளகாய் அள்ள இத்தனை நேரமா என்று சத்தம் போடும்வரை சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் தாரணி ஒவ்வொரு படியிலும் நின்று நின்றுதான் இறங்கினாள், ஏனென்றால் அவளிடம் இருந்த ஒரே வழியும் போய்விட்டது, இனி அவளுக்காகப் பேச அவளைத் தவிர ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூடம் கொள்ளாமல் உறவு வந்திருந்தது. ஒரு தட்டில் உப்பு, ஒரு தட்டில் சர்க்கரை, நடுவில் குத்துவிளக்கு. ஒரு பக்கம் பூபதியும் அவன் அம்மாவும், மறுபக்கம் நாச்சிமுத்து புது வேட்டியில், முகமெல்லாம் பூரிப்பாக. மாடித் தம்பியைத் தட்டோடு போய் அழைத்து வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் துண்டை விரித்தார், தாரணியைப் பார்த்து, எப்போதும் கேட்பது போலக் கேட்டார்.

"எடுத்துக்கட்டுங்களா?"

பதிலுக்கு யாரும் காத்திருக்கவில்லை. அத்தை அவள் மணிக்கட்டைப் பிடித்துத் துண்டின்மேல் வைத்தாயிற்று, போட்டோக்காரர் ஒரு கண்ணை மூடியாயிற்று. மாடித் தம்பி குனியவில்லை. "அவங்க சொல்லட்டுங்க," என்றார்.

பேசாமல் கொடுத்துவிடலாம் என்று தாரணிக்கு ஒரு கணம் தோன்றியது, பொய் சொல்வானேன். இப்படிப் பிடித்து வைத்த கையை மனசில்லாமல் கொடுத்தால் கசக்கத்தான் போகிறது, அவர் ஓங்கரிப்பார், இவர்கள் தாங்களாகவே கல்யாணம் வேண்டாமாம் என்று அர்த்தம் பண்ணிக்கொள்வார்கள், எல்லாம் சுபமாக முடியும். ஒரு நல்ல மனுஷன் நாள் கணக்கில் பாயில் கிடப்பார், அடுத்த பெண்ணின் கையையும் அத்தை இதே மாதிரி பிடித்து வைப்பாள், தான் சாகும்வரை தன்னிடம் எதைக் கேட்பதென்றாலும் இவர்கள் தன் கையைத்தான் தேடுவார்கள். அவள் அத்தையின் பிடியிலிருந்து மணிக்கட்டை உருவிக்கொண்டாள்.

"வேண்டாங்க. நான் குடுக்கல."

"சரிங்க," என்று மாடித் தம்பி துண்டை மடித்தார்.

"வெக்கப்படறா," என்றாள் அத்தை, கூடத்தைப் பார்த்து. நாச்சிமுத்து மகளை நெருங்கி, தாழ்ந்த குரலில், "ஒரே சொட்டுத்தான் அம்மிணி. உனக்குச் சம்மதமான்னு நாங்க தெரிஞ்சுக்கோணுமல்ல?" என்றார்.

"தெரிஞ்சுக்கோணும்னா என்னைக் கேளுங்கப்பா. எனக்கு வாய் இருக்குதல்ல."

கூடத்துக்குக் கோபம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது. பெண்ணை வாய்விட்டுக் கேட்பது என்றால் அதை யார் கேட்பது, அப்பாவா, மாமனா, எந்தத் திசையைப் பார்த்துக் கேட்பது, எவருக்கும் தெரியவில்லை. எல்லோரும் சடங்குக்கு வந்திருந்த ஐயரைப் பார்த்தார்கள், அதற்கு அவரிடம் மந்திரம் இல்லை. கடைசியில் பூபதிதான் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தான்.

"நான் கேக்கலாங்களா?" என்றான் அவளிடம்.

"கேளுங்க."

"என்னைக் கட்டிக்க உங்களுக்குச் சம்மதமுங்களா?"

"இல்லீங்க," என்றாள் தாரணி.

பூபதியின் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஏம்மா, என்ற பையனுக்கு என்ன கொறை?"

"ஒரு கொறையும் இல்லீங்க. நல்லவருங்க. எனக்கு வேண்டாம், அவ்வளவுதானுங்க."

பூபதியின் முகத்தில் வருத்தம் இருந்தது, கூடம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தது, அவன் இப்போது கத்துவான், அல்லது அவன் மாமன் யாராவது தட்டைத் தட்டிவிடுவான் என்று பெண்கள் உப்புத் தட்டை ஓரமாக நகர்த்தினார்கள். பூபதி உதட்டை இரண்டு முறை ஈரப்படுத்திக்கொண்டான். பிறகு, "சரிங்க," என்றான்.

அந்தச் சொல்லை அந்த ஊர் மாடித் தம்பியின் வாயிலிருந்து ஆயிரம் தடவை கேட்டிருந்தது, அது கோரைப்பல் உள்ளவர்களுக்கு மட்டும் வாய்த்த பொறுமை என்று நினைத்திருந்தது. சாதாரணப் பல் வரிசை உள்ள, காங்கயத்துப் பையன் ஒருவன் அதைச் சொல்லிவிட்டு, கூரை இடியாமல், திரும்பப் போய் உட்கார்ந்ததைப் பார்த்து, கூரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டது. சமைத்தது சமைத்தாயிற்று, வீணாக்குவானேன் என்று கோகிலம் இலை போடச் சொன்னாள். பூபதியின் அம்மா மட்டும் எனக்கு வேண்டாம் என்றாள். கோகிலம் வழக்கப்படி ஏன், எங்க ஊட்டுச் சாப்பாடு எறங்காதா என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, சரிங்க என்றாள். நிஜமாகவே விட்டுவிட்டார்களே என்று பார்த்த அந்த அம்மா, கொஞ்ச நேரத்தில் தானே வந்து கடைசிப் பந்தியில் உட்கார்ந்து இரண்டு முறை பாயசம் வாங்கிக்கொண்டாள். மறுவாரம் பக்கத்து ஊர்க்காரர்கள் தட்டோடு மாடிப்படியில் வந்து நின்றபோது மாடித் தம்பி கையைக் கூப்பிக்கொண்டு, "நான் வரலீங்க," என்றாராம், சொல்லிவிட்டு ஊரெல்லாம் கேட்கச் சிரித்தாராம், அது பிறகு நடந்தது.

அன்றைக்கு எல்லோரும் வண்டியேறிப் போனபின் நாச்சிமுத்து புறக்கடையில் தொட்டிக் கட்டையில் தனியாக உட்கார்ந்திருந்தார். புது வேட்டி மடிப்புக் கலையாமல் இருந்தது. தாரணி பக்கத்தில் வந்து நின்றாள்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமல்ல கண்ணு," என்றார். "இத்தன பேருக்கு முன்னால. எனக்குத் தலையத் தூக்க முடியல."

அப்பாவை அப்படிப் பார்க்க அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சொன்னாள். "நீங்க கேக்கவே இல்லீங்களேப்பா."

நாச்சிமுத்து மறுக்க வாயெடுத்தார். அவளுக்குக் காது குத்தியது, முடியிறக்கியது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, பதினொன்றாவதில் எந்தப் பிரிவு, எந்தக் காலேஜ், பிறந்தநாளுக்கு என்ன நிறத்தில் பாவாடை என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போய்த் தேடினார். தான் மகளை ஒன்று கேட்டு, அவள் பதில் சொல்ல, தான் காத்திருந்த ஒரு நாளைத் தேடினார். பக்கத்து வீடுகளில் விளக்கு அணையும்வரை தேடினார். அகப்படவில்லை. ஆசை ஆசையாகத்தான் எல்லாம் செய்திருந்தார், அதுவும் உண்மை.

"இப்பக் கேக்கறேன்," என்றார் கடைசியில். "உனக்கு என்ன வேணும்?"

தாரணி வாயைத் திறந்தாள். வேண்டாம் என்பதற்குத்தான் ராத்திரி முழுக்கப் படுக்கையில் ஒத்திகை பார்த்திருந்தாள். இதற்கு ஒன்றும் தயார் செய்து வைத்திருக்கவில்லை. உள்ளே தேடிப் பார்த்தாள், புதிதாகக் குடிவந்த வீட்டில் அறை அறையாகப் போய்ப் பார்ப்பது போல, எல்லா அறைகளும் காலியாகக் கிடந்தன, எதை எங்கே வைப்பது என்று இனிமேல்தான் யோசிக்க வேண்டும். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

"தெரியலீங்கப்பா," என்றாள்.

நாச்சிமுத்துவுக்கு உடனே ஒரு பதில் வந்தது. தெரியாத பெண்ணுக்கு என்ன செய்யலாம் என்று அவரிடம் எப்போதும் ஒரு யோசனை இருக்கும், பேங்க் பரீட்சை, டைப்பிங், சித்தப்பா ஊரில் ஒரு வேலை. அது நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அதை அப்படியே மென்று விழுங்கினார்.

"சரி," என்றார். "தெரியறப்பச் சொல்லு."